நின்ற பிறகு வரும் ரத்தம்

கருப்பைப் புற்றுநோய் என்று பேச்செடுத்தாலே, "நான்தான் பேப் ஸ்மியர் செய்துகொண்டேனே, டாக்டர்!" என்கிறார்கள் நம் தாய்மார்கள். அது கருப்பையின் வாய்க்கான சோதனை. நான் பேச வந்தது கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயைப் பற்றி. பேப் ஸ்மியரை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. சிங்கப்பூர்ப் பெண்களிடையே மார்பகம், பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய்களுக்கு அடுத்து அதிகம் காணப்படுவது இதுதான்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அந்த உட்சுவரை வளர்க்கிறது. புரோஜெஸ்டிரோன் அதற்குக் கடிவாளம் போடுகிறது. கடிவாளம் இல்லாத வளர்ச்சிதான் ஆபத்து. மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பிலுள்ள கொழுப்பு ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதனால் உடல் பருமன்தான் முதல் காரணம். சினைப்பைக் கட்டிகளால் மாதவிலக்கு மூன்று நான்கு மாதம் தள்ளிப்போகும் இளம்பெண்கள், குழந்தை பெறாதவர்கள், நீரிழிவுக்காரர்கள், தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு கூடுதல். (இதைக் கேட்டுவிட்டுத் தமோக்சிஃபெனை நிறுத்திவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அது செய்யும் நன்மை பெரிது.)

இனி, பரம்பரை. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தையற்காரப் பெண் ஒருவர், தன் குடும்பத்தில் பலரும் குடல், கருப்பைப் புற்றுநோயால் இறந்தார்கள், தனக்கும் அதே கதிதான் என்று டாக்டர் ஆல்ட்ரெட் வார்தினிடம் சொன்னார். வார்தின் அதை அலட்சியம் செய்யாமல் அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913இல் வெளியிட்டார். அந்தப் பெண் பின்னர் கருப்பைப் புற்றுநோயால்தான் இறந்தார். இன்று அந்தக் கோளாறுக்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் மரபணு பழுதுபட்டிருக்கும். பிள்ளை ஆணோ பெண்ணோ, அது இறங்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்பா வழியிலும் வரும். இந்தப் புற்றுநோய் கண்ட 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கே இது காரணம். ஆனால் அந்த மரபணு இருப்பவர்களில் சிலருக்கு ஆபத்து பாதிக்கு நெருங்கும். குழந்தை பெற்று முடித்தபின் கருப்பையை அகற்றிவிடுவது அவர்களுக்கு ஒரு வழி. நம் வீடுகளிலோ அத்தை எதனால் இறந்தார் என்று கேட்டால் "வயிற்றில் கட்டி" என்பதோடு சரி. மகளுக்கு வரன் பார்க்கும் நேரமாம்! அந்த மகளுக்குத்தான் இது தெரிய வேண்டும்.

என்னிடம் வந்த 58 வயது அம்மா ஒருவர், மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டுகள் ஆனவர். எட்டு மாதம் ரத்தக் கசிவை மறைத்திருக்கிறார். மகள் துணி துவைக்கும்போது பார்த்து அழைத்து வந்தார். நோய் அதற்குள் கருப்பையைத் தாண்டியிருந்தது. இப்படிக் கசிவு வருபவர்களில் பத்தில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். ஸ்கேனும் சிறு திசுச் சோதனையும் போதும், தெரிந்துவிடும். கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

தடுக்க முடியுமா? எடையைக் குறைப்பது முதல் வேலை. கருத்தடை மாத்திரை ஐந்தாண்டு சாப்பிட்டால் ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பலன் நிற்கிறது. ஆனால் ரத்தக்கட்டி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரைக் கேளுங்கள். வாய் வரவில்லையா? ரத்தம் கண்ட தேதியைத் தாளில் எழுதி நீட்டுங்கள். என்னிடம் அப்படி நீட்டியவர்கள் பலர்.