உபரியும் மறுகாலும்
(அம்பத்தூர்ச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார்காலம் பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஒரு தொடர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் ஒலிக்கும். "செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உபரிநீர் திறப்பு" என்பதே அது. துறைப் பொறியாளர் வாயில் அதே நீர் 'சர்ப்ளசு' ஆகிவிடும். ஆங்கிலம் வேண்டா என்று ஒதுக்கிய செய்தித்தாள்காரர் 'உபரி' என்று எழுதிய அளவிலே தமிழில் எழுதிவிட்டதாக நிறைவு கொள்கிறார். அந்த நிறைவு சரிதானா?

'சர்ப்ளசு' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் நுழைந்த சொல். அதன் வேர் இலத்தீனில் உள்ளது. 'சூப்பர்' என்றால் மேல். 'ப்ளசு' என்றால் மிகுதி. மேலே மிகுந்து நிற்பது என்பது சொற்பொருள். இனி, 'உபரி' என்பது வடசொல். அதற்கும் மேல் என்பதே பொருள். இலத்தீனத்துச் 'சூப்ப'ரும், ஆங்கிலத்து 'ஓவ'ரும், வடமொழி 'உபரி'யும் ஒரே வேரிலிருந்து கிளைத்த உறவுச் சொற்கள் என்பது மேலை மொழிநூலாரே நிறுவிய முடிபு. ஆதலின் சர்ப்ளசை விரட்டிவிட்டு உபரியை அழைத்தவர், அண்ணனை வாயிலில் மறித்துவிட்டுத் தம்பியைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டவரே ஆவார்.

அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பல முகங்கள். வரவு செலவுக் கணக்கில் அது மகிழ்ச்சி. செலவு போக வரவு மிஞ்சியது என்று பொருள். நிலத்தில் அது உழவனின் எதிர்பார்ப்பு. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என வரம்பு கட்டியது. 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. வரம்புக்கு மேற்பட்டதற்கு உபரி நிலம் என்று பெயரிட்டனர். நிலமற்றவன் அச்சொல்லைக் கேட்டு ஏங்கி நின்றான். பள்ளிக்கூடத்திலோ அது இழிவு. பிள்ளைகள் தொகை குறைந்தால் அங்குள்ள ஆசிரியர் 'உபரி ஆசிரியர்' ஆகிறார். முப்பது ஆண்டுகள் எழுத்தறிவித்த ஒருவரை உண்டது போக எஞ்சிய சோறு போலக் காட்டும் சொல் அது. வியப்பு என்னவெனில், அவரை வேறு பள்ளிக்கு மாற்றுவதற்கு அதே துறை 'பணி நிரவல்' என்னும் அருமையான தமிழ்ச் சொல்லை ஆள்கிறது. மேட்டு மண்ணை எடுத்துப் பள்ளத்தில் இட்டு நிரவும் உழவனின் சொல் அது. 'நிரவல்' எழுதிய கையே 'உபரி'யையும் எழுதியது எப்படியோ!

1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பக்கம் வந்தால், ஆயத்த ஆடைக் கடைகளில் 'எக்சுபோர்ட்டு சர்ப்ளசு' என்ற பலகைகள் தொங்கும். அயல்நாட்டார் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் தைத்த சட்டைகள் அவை. மிகை உருப்படி என்றால் போதும்.

தமிழர் இத்தனையையும் ஒரே சொல்லில் திணித்தவர் அல்லர். உண்டது போக எஞ்சியது மிச்சம். கணக்கில் நிற்பது மீதி. அளவைக் கடந்தது மிகை. மிகுதியை உணர்த்தும் உரிச்சொற்களாக உறு, தவ, நனி என மூன்றைத் தொல்காப்பியம் காட்ட, சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாக்கியது நன்னூல். அவற்றுள் 'கழி' என்பதைச் சற்றே நோக்குக. உரிச்சொல்லாக நின்றால் மிகுதி. வினையாக நின்றால் நீக்குதல். திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் பகுதியில் மிகுதலையும் குறைதலையும் ஒரே தட்டில் வைத்து இரண்டையும் நோய்க்குக் கரணியமாகச் சொன்னார். மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று 'வலியறிதல்' பகுதியில் காட்டியவரும் அவரே.

இனி ஏரிக்கு வருவோம்.

ஏரி நிரம்பியபின் கரையை உடைக்காமல் நீர் தானே வழிந்து செல்ல அமைத்த கட்டுக்குக் கலிங்கு என்று பெயர். கலிங்கல், கலங்கல் என்றும் வழங்கும். அங்கிருந்து அந்நீர் ஓடும் வழி மறுகால். நெல்லைச் சீமையில் 'குளம் மறுகால் பாய்கிறது' என்பார்கள். மறுகால்குறிச்சி என ஊர்ப்பெயரிலேயே அச்சொல் ஏறி நிற்கிறது. செங்கற்பட்டு, வடார்க்காட்டுப் பக்கத்து உழவர் 'ஏரி கோடி போகிறது' என்பார்கள். எண்ணுப்பெயராகிய கோடி வேறு. இந்தக் கோடி கடைக்கோடியில் உள்ள கோடி. ஏரிக்கரையின் ஓர் ஓரத்தில் நீர் வெளியேறுவதால் அப்பெயர். ஏரி கோடி போனால் அவ்வாண்டு விளைச்சலுக்கு அச்சமில்லை என்று ஊரே திரண்டு சென்று பார்க்கும்.

இச்சொற்களையும் உபரியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உபரி என்பது அளவை மட்டுமே சொல்கிறது: வேண்டிய அளவுக்கு மேல் உள்ளது, ஆகவே வேண்டாதது. கலிங்கு நீர் வெளியேறும் இடத்தைச் சொல்கிறது. மறுகால் அது போகும் வழியைச் சொல்கிறது. வழி என்று ஒன்று இருந்தால் போய்ச் சேரும் இடம் ஒன்றும் இருக்க வேண்டும் அல்லவா? அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு நீர். கொரட்டூர் நிரம்பினால் இரட்டை ஏரிக்கு நீர். மேலேரியின் மிகுதி கீழேரியின் வருவாய். ஏரிகளைத் தொடராக அமைத்த முன்னோர் கணக்கில் வேண்டாத நீர் என்று ஒரு துளியும் இல்லை. உபரி என்ற சொல் வந்தபின்தான் அது கடலில் தள்ள வேண்டிய பொருளாயிற்று. மறுகாலும் தூர்க்கத்தக்க வெற்று நிலமாயிற்று. அம்பத்தூரிலிருந்து கொரட்டூருக்கு மழைநீர் கொண்டுவர வேண்டிய வழி கழிவுநீரையும் கொண்டுவந்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

ஒரு சொல்லால் இத்தனையும் நேர்ந்துவிடுமா என்று கேட்பார் உளர். முறையான வினாவே. மறுகாலை மறித்து மனை பிரித்தவன் அகரமுதலியைப் பார்த்தா பிரித்தான்? பேராசைக்கு மொழி இல்லை. ஆனால் அந்த மனையை வாங்கியவர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து ஆலை வேலைக்கு வந்த எளியவர். 'இது ஏரியின் மறுகால்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணியிருப்பார். சொல்லும் மறைந்தபோது எச்சரிக்கையும் உடன் மறைந்தது.

2015 திசம்பர் முதல் நாள் நினைவிருக்கும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்று அதன் மதகுகள் வழியே நொடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேறியது. குன்றத்தூர், திருநீர்மலை வழியாக அடையாற்றில் இறங்கிய அந்நீரோடு, இடையிலுள்ள ஏரிகளின் நீரும் நகரில் பெய்த மழையும் கலந்தன. ஒரே ஏரியின்மீது முழுப் பழியையும் சுமத்துவது நேர்மையாகாது. எனினும் 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காய்வர் அறிக்கை, அவ்வெள்ளத்தை மாந்தர் செயலால் நேர்ந்த கேடு என்றே குறித்தது. இரவில் நீர் வீட்டுக்குள் ஏறியபோது, 'உபரிநீர்' என்று அறிவிப்பில் கேட்ட அதே நீர்தான் இது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? உபரி வருவாய், உபரி நிதி என்று கேட்டுப் பழகிய காதில் அச்சொல் அச்சத்தை எழுப்பாது.

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. அவ்வாண்டு சூலை 12-ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 இலக்கம் இலிட்டர் குடிநீரைச் சுமந்துகொண்டு ஒரு தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஆவடியையும் அம்பத்தூரையும் கொரட்டூரையும் கடந்தே அது வில்லிவாக்கத்தை அடைந்தது. ஏரிகள் ஒன்றுக்கொன்று நீர் ஊட்டிய ஊர்களின் ஊடே, இருப்புப் பாதையில் குடிநீர் ஓடிற்று!

எனவே, 'உபரிநீர்' என்பதை அடித்துவிட்டு 'மிகைநீர்' என்று எழுதுவதோடு தமிழ்த்தொண்டு முடிந்ததாக எண்ண வேண்டா. மிகைநீர் தூய தமிழ்தான். ஆனால் அதுவும் அளவை மட்டுமே சொல்லும். அறிவிப்பில் 'கலங்கல் திறப்பு' என்று வரட்டும். மறுகால் எந்தெந்த ஊர் வழியே போகிறது என்பதும் உடன் வரட்டும். அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டா. இப்பகுதிப் பழைய உழவர் குடிகளில் ஏரியில் நீந்தி வளர்ந்த முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு கரைமேல் நடந்து செல்லுங்கள். ஏரி எந்த இடத்தில் கோடி போகும், அந்த நீர் எந்தத் தெரு வழியே இறங்கும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை அவர்கள் சொல்லும்படியே எழுதி, தெருமுனைப் பலகையில் ஒட்டி வையுங்கள்.