முளையும் பயிரும்



"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. மண்ணோடு பழகியவர்கள் கண்டு சொன்ன சொல், அது பொய்யாகாது. ஆனால் முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்வதற்கு எத்தகைய கண் வேண்டும், எத்தனை நாள் பார்க்க வேண்டும் என்பவற்றை அப்பழமொழி சொல்லவில்லை. அதைக் குறித்துத்தான் இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். நான் பேசப்போவது நெல் விளையும் வயலைப்பற்றியன்று. மோட்டார்ப் பந்தயத்திற்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு களத்தைப்பற்றி.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரை அடையுமுன் இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் வருகிறது. இன்று அவ்வழியே செல்பவர்கள் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களையே காண்பார்கள். 1998-இல் அங்குள்ள ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. தெற்கே ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும் எழுந்தன. ஆனால் இவை யாவும் வருமுன்னரே, 1990-இலேயே, இருங்காட்டுக்கோட்டையில் பந்தயச் சாலை ஒன்று திறக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்பு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமானத்தளத்தில் பந்தயங்கள் நடந்துவந்தன. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகந்தான் இந்தப் புதிய சாலையை அமைத்தது. ஒரு முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர்.

நான் இப்பகுதியில் ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முப்பதாண்டு வேலை பார்த்தவன். விடுமுறை நாட்களில் பந்தயச் சாலையின் வளைவொன்றில் கொடி பிடித்து நிற்பது என் வழக்கம். பிற்காலத்தில் மோட்டார் சைக்கிள் அணி ஒன்று, பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாட்களில் நேரம் குறிக்கவும் கருத்துக் கூறவும் என்னை அழைத்தது. மறுக்க மனம் வரவில்லை. எதிர்காலத்தை முன்கூட்டியே காணும் வேலை யாருக்குத்தான் பிடிக்காது!

தேர்வு நாளில் பல ஊர்களிலிருந்தும் சிறுவர் வருவார்கள். சிலருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், சிலருக்குப் பதினாறு. தந்தையர் வேலியோரம் நிற்பார்கள். தாய்மார் பெரும்பாலும் சாலையைப் பார்க்கமாட்டார்கள். நாங்கள் கவனிப்பவை நான்கு. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது முதலாவது. அடுத்தடுத்த சுற்றுகளில் அந்த நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது இரண்டாவது. நேர்ப்பாதை முடியும் இடத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் பிரேக் பிடிக்கிறானா என்பது மூன்றாவது. இறங்கி வந்தபின், வண்டி எங்கே வழுக்கியது, எங்கே தயங்கியது என்று பொறியாளருக்கு எடுத்துச் சொல்லத் தெரிகிறதா என்பது நான்காவது. இந்நான்கில் முதலாவது மட்டுமே எளிதில் கண்ணுக்குத் தெரிவது. ஆகவே நாம் அதையே பெரிதாக நம்பிவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தளத்தின்மேல் ஹாக்கி ஆடுகிறார்கள். அங்குள்ள தொழில்முறை அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1963-இல் மாண்ட்ரீல் நகரில் தொடங்கியது. முளை காண்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அங்கே ஊர் ஊராகச் செல்கிறார்கள். ஆயினும் 1985-இல் ராஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஒரு விந்தையை எடுத்துக்காட்டினார்கள். சிறந்த இளைஞர் அணிகளில் இருந்தவர்களுள் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதி. இறுதி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவு. காரணம் சோதிடமன்று. அங்கே சிறுவரை வயதுவாரியாகப் பிரிக்கும் எல்லை ஜனவரி முதல் நாள். ஜனவரியில் பிறந்தவன், அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். பத்து வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வலிமையிலும் பெரிய வேறுபாடு. வளர்ச்சியைத் திறமை என்று எண்ணி அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தபின் அவனுக்கே நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் கிடைத்தன. முடிவில் அவன் உண்மையாகவே சிறந்தவன் ஆனான். தேர்ந்தெடுத்தவர்களோ தம் கணிப்புச் சரியாயிற்று என்று மகிழ்ந்தார்கள்.

அதே ஆட்டத்தில் பாவெல் தத்சுக் என்ற ரஷ்ய இளைஞரை 1998-இல் 171-ஆவது ஆளாகத்தான் டெட்ராய்ட் அணி எடுத்தது. அவருக்கு முன்னே 170 பேர் தேர்வு செய்யப்பட்டார்கள்! பின்னாளில் அந்த விளையாட்டின் பெருவீரர்களுள் ஒருவராக அவர் விளங்கினார்.

நம்மிடத்தே வருவோம். கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் தம் முதற்பந்தயத்தை ஓட்டியது இந்த ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில்தான். கரிவரதன் அவர்கள் மாருதி எஞ்சினைக் கொண்டு, பெருஞ்செல்வர் அல்லாதவரும் ஓட்டத்தக்க பந்தயக் கார்களை உருவாக்கியிருந்தார். அவற்றில் ஒன்றை ஓட்டி, முதற்பந்தயத்திலேயே முதல் மூவருள் ஒருவராக வந்தார் நரேன். 1992-இல் பிரான்சு நாட்டில், இளம் ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியொன்றில் கலந்துகொண்டார். அரையிறுதிவரை சென்றார், வெற்றி கிட்டவில்லை. 2005-இல், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தாம். 1992-இல் கிடைத்த முடிவை இறுதித் தீர்ப்பாகக் கொண்டு அவர் வீடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரும்பாமல் நிற்க அவருக்குத் துணை இருந்தது. அவர் தந்தையாரே கார்ப் பந்தயத்தில் பெயர்பெற்றவர். அத்தகைய துணை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. இதை நான் என் பிழை ஒன்றினால் அறிந்துகொண்டேன்.

ஓராண்டு தேர்வுக்குச் சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். வயது பதினாறு. தந்தைக்கு இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் கடை. எல்லோருக்கும் ஒரே வகை வண்டிதான் கொடுத்தோம். அதனால் யாருக்கும் குறை வைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டோம். ஆனால் அவன் முறை வந்தது பிற்பகலில், கடைசிக் குழுவில். காலையிலிருந்து ஓடிய டயர்கள் தேய்ந்திருந்தன. சாலையும் வெயிலில் காய்ந்து கிடந்தது. அவனுடைய மிகச் சிறந்த சுற்று, தேர்வு பெற்றவர்களுடையதைவிட ஒரு நொடி பின்தங்கியிருந்தது. பட்டியலிலிருந்து அவன் எண்ணை அடித்துவிட்டேன். மாலையில் தேர்வு பெற்றவர்களின் பெயர்களைப் படித்தோம். மற்றவர்களுக்கு நன்றி கூறி அனுப்பினோம்.

இரண்டாண்டு சென்றபின் பழைய தாள்களை ஒழுங்கு செய்யும்போது அவனுடைய தாள் என் கையில் அகப்பட்டது. எட்டுச் சுற்றுகள் ஓட்டியிருந்தான். முதல் ஐந்தில் ஒவ்வொன்றும் முந்தியதைவிட விரைவானது. கடைசி மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரம். தேய்ந்த டயரில், முன்பின் அறியாத சாலையில், ஒரு மணி நேரத்துக்குள் கற்றுக்கொண்டு நிலைபெற்றிருக்கிறான்! பட்டியலில் முதலாவதாக வந்த பையனின் சுற்றுகளோ ஒன்றுக்கொன்று ஒன்றரை நொடி மாறியிருந்தன. நான் பார்க்க வேண்டியதெல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது. நான் பார்த்தது ஓர் எண்ணை மட்டுமே.

விசாரித்துக்கொண்டு போய், ஒரகடம் கூட்டுரோட்டில் அவனைக் கண்டேன். தொழிற்சாலைச் சீருடையில், இரவு ஷிப்டுக்கான பேருந்துக்குக் காத்திருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு வணக்கம் சொன்னான். நான் என் பிழையைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னை எடுக்காததற்கு வருத்தமில்லை சார். எதில் குறை என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வருஷமும் வந்திருப்பேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நமக்கு இது வராது போலிருக்கிறது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்" என்றான். பேருந்து வந்தது, ஏறிப்போய்விட்டான். அவன் இன்று தன் வேலையில் நன்றாகவே இருக்கிறான். ஆயினும் அவன் சொன்ன சொல் என்னை விட்டு அகலவில்லை.

தேர்வு பெறாதவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் இது. தேர்வு பெற்றவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் இதனினும் பெரிது. 2023 ஆகஸ்ட் 5-ஆம் நாள், இதே இருங்காட்டுக்கோட்டைச் சாலையில், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் புதியவர் பிரிவில் ஓட்டிய 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிர்நீத்தான். பெங்களூரிலிருந்து வந்தவன், வருங்காலத்தில் பெரிய வீரனாவான் என்று பலராலும் மதிக்கப்பட்டவன். அவ்வார இறுதியில் எஞ்சியிருந்த பந்தயங்கள் கைவிடப்பட்டன. அதன் பிறகு, ஒரு பிள்ளையைப் பார்த்து "இவன் வருவான்" என்று சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிடுகிறது. அச்சொல்லைச் சொல்பவர்கள், அந்தப் பிள்ளையின் உடலுக்கும் படிப்புக்கும் பொறுப்பேற்றுக்கொண்டே சொல்ல வேண்டும். எத்தனை வயதில், எவ்வளவு வேகமுள்ள வண்டியைக் கொடுக்கலாம் என்பது அணியின் வெற்றியைக் கருதி முடிவு செய்யத்தக்கதன்று.

ஆகவே தேர்ந்தெடுக்கும் நண்பர்களுக்கு நான் இப்பொழுதெல்லாம் மூன்று சொல்கிறேன். ஒருநாள் பார்த்து எவரையும் தள்ளாதீர்கள். வேறொரு நாளில், வேறொரு பொழுதில், இன்னொரு முறை பாருங்கள். தள்ளும்போது காரணத்தைப் பிள்ளையிடமே சொல்லுங்கள். திருத்திக்கொண்டு வர வழி காட்டுங்கள். எடுத்துக்கொண்ட பிள்ளையைப் பந்தயம் இல்லாத நாளிலும் நினைவில் வையுங்கள்.

வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரம் வைத்தார். அதை அடுத்தே 'தெரிந்து வினையாடல்' என்பதை வைத்தார். ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு கடமை தீர்ந்துவிடவில்லை, தேர்ந்தவனை நடத்தும் முறையும் அதனோடு தொடர்ந்து வருவது என்பதை அந்த வரிசையே நமக்கு அறிவுறுத்துகிறது.

முளையைக் கண்டு பயிரைச் சொல்லும் உழவன், சொல்லிவிட்டு வரப்பில் அமர்ந்துவிடுவதில்லை. நீர் பாய்ச்சுகிறான், களை எடுக்கிறான், பின்தங்கிய நாற்றையும் உடனே பிடுங்கி எறியாமல் இன்னும் சில நாள் பார்க்கிறான். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.