நாள் ஒன்று, தீர்ப்பு இரண்டு

(உரையின் எழுத்து வடிவம்)



ஒரே நாளில், ஒரே சாவடியில், இரண்டு தேர்தல்களுக்கு மக்கள் வாக்களிக்கின்றனர். வரிசை ஒன்று, வாக்காளர் பட்டியல் ஒன்று, விரலில் இடும் மையும் ஒன்று. அதனாலேயே அவ்விரு தேர்தல்களும் ஒன்றாகிவிடுமா? தில்லிக்கு ஒருவரைத் தேர்ந்து அனுப்புவதும், மாநிலக் கோட்டைக்கு ஒருவரைத் தேர்ந்து அனுப்புவதும் ஒரே பணிதானா? 2024 திசம்பரில் 129-ஆம் அரசமைப்புத் திருத்த முன்வரைவு நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்றதிலிருந்து இவ்வினா ஒவ்வொரு மாநிலத்தின் வாயிலிலும் வந்து நிற்கின்றது.

ஒரே காலத் தேர்தல் பழைய முறைதானே என்பர் அதனை வேண்டுவோர். உண்மையே. 1952, 1957, 1962, 1967 ஆகிய நான்கு பொதுத் தேர்தல்களிலும் நாடாளுமன்றத்துக்கும் பெரும்பாலான சட்டமன்றங்களுக்கும் சேர்ந்தே வாக்குப்பதிவு நடைபெற்றது. பின்னர் அம்முறை ஏன் முறிந்தது? மாநிலங்களில் ஆட்சிகள் கவிழ்ந்தன, சில கவிழ்க்கப்பெற்றன. 1959-இல் கேரள ஆட்சி நடுவணரசால் கலைக்கப்பெற்றது. 1970 இறுதியில் நாடாளுமன்ற மக்களவையே காலம் முடியுமுன் கலைக்கப்பெற்று, 1971-இல் தேர்தல் வந்தது. ஆகவே, அம்முறையை முறித்தவர் வாக்காளர் அல்லர் என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

இனித் தமிழ்நாட்டின் வரலாற்றை நோக்குக. 1971, 1984, 1991, 1996 ஆகிய நான்கு ஆண்டுகளில் இவ்விரு தேர்தல்களும் இங்கே சேர்ந்து நடந்தன. நான்கிலும் நாடாளுமன்றத்தில் வென்ற அணியே சட்டமன்றத்திலும் வென்றது. 1991-இல் 39 நாடாளுமன்ற இடங்களையும் அ.தி.மு.க. – பேராயக் கூட்டணி பெற்றது. சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 225 இடங்கள் அதற்கே சென்றன. 1996-இல் 39 இடங்களும் தி.மு.க. அணிக்குச் சென்றன, கோட்டையிலும் அவ்வணியே அமர்ந்தது.

நாள்கள் பிரிந்தபோது நிகழ்ந்தது என்ன? 1980 சனவரியில் நாடாளுமன்றத் தேர்தல், தி.மு.க. – இந்திரா பேராயக் கூட்டணிக்கு 37 இடங்கள், அ.தி.மு.க.வுக்கு 2 இடங்கள். ஐந்து திங்கள் கூட நிறையுமுன் சட்டமன்றத் தேர்தல், அ.தி.மு.க. 129 இடங்களை வென்று ஆட்சியில் அமர்ந்தது. 1989 சனவரியில் மாநில ஆட்சியைத் தி.மு.க.வுக்குத் தந்த அதே மக்கள், அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு அக்கட்சியினர் ஒருவரையும் அனுப்பவில்லை. கருநாடகத்தில் 1984 திசம்பரில் 28 நாடாளுமன்ற இடங்களுள் 24 பேராயத்துக்கு. 1985 மார்ச்சில் சட்டமன்றத்தின் 224 இடங்களுள் 139 சனதாக் கட்சிக்கு. மக்கள் மனம் தடுமாறியது என்பதா இது? அன்று. இரு வேறு வினாக்களுக்கு இரு வேறு விடைகளை அவர்கள் தெளிவாக எழுதினர் என்பதே பொருள்.

இதற்கு நாளின் சேர்க்கை ஒன்றே கரணியம் என்று கொள்ளுதல் மிகையாகும். 1984-இல் இந்திரா காந்தியின் கொலையும், 1991-இல் இராசீவ் காந்தியின் கொலையும் பேரலைகளை எழுப்பின. ஆனால் அவ்வலை நாடாளுமன்றக் கரையோடு நில்லாமல் கோட்டை மதில்மீதும் மோதியதற்கு, இரண்டும் ஒரே நாளில் நின்றமை வழிவகுத்தது. ஊர்க் குளமும் பள்ளியும் பாசனக் கால்வாயும் பேசப்பட வேண்டிய களத்தில், தலைமை அமைச்சர் யார் என்பதே ஓங்கி ஒலித்தது.

சேர்ந்து நடந்தாலும் மக்கள் பிரித்தறிவர் என்பதற்கு ஒடிசா சான்று. 2019-இல் அங்கே பிசூ சனதா தளம் சட்டமன்றத்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் வென்றது. நாடாளுமன்றத்தின் 21 இடங்களுள் 12 மட்டுமே அதற்குக் கிட்டின. பாரதிய சனதா 8 இடங்களைப் பெற்றது. ஒரே நாளில், ஒரே கையால், இரு தீர்ப்புகள்! எனவே, ஒன்றில் பெற்ற வெற்றியைக் காட்டி மற்றொன்றிலும் உரிமை கொண்டாடுதல் முறையன்று.

இஃது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 2007 மே 3-ஆம் நாள் இசுக்காட்லாந்தில் நாடாளுமன்றத் தேர்தலும் உள்ளாட்சித் தேர்தலும் ஒன்றாக நடந்தன. முன்னதற்குப் பெருக்கற் குறி இடல் வேண்டும். பின்னதற்கு 1, 2, 3 என விருப்ப வரிசை எழுதல் வேண்டும். 1,40,000-க்கும் மேற்பட்ட வாக்குத்தாள்கள் செல்லாதனவாயின. நாடாளுமன்றத்துக்குரிய இரு வாக்குகளையும் ஒரே தாளில் அச்சிட்டமை அதற்குப் பெருங் கரணியம். எனினும் அதனை ஆய்ந்த கனடா நாட்டு இரான் கூல்டு, தாளைத் திருத்தினாற் போதும் என்று நிறுத்தவில்லை. சேர்த்து நடத்துவதால் உள்ளாட்சித் தேர்தல் மற்றதன் நிழலில் மறைகின்றது என்றும், இரண்டையும் வெவ்வேறு நாள்களில் நடத்துக என்றும் அறிவுறுத்தினார். 2011-இல் வரவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2012-க்கு மாற்றப்பெற்றது. சிறிய மன்றத்தின் குரலும் தனியே கேட்கப்பட வேண்டும் என்பதை அந்நாடு ஏற்றது.

129-ஆம் திருத்த முன்வரைவோ எதிர்த்திசையில் நடக்கின்றது. குறித்த நாளுக்குப் பின் அமையும் சட்டமன்றங்களின் காலம், மக்களவையின் காலத்தோடு முடியும். இடையிற் சட்டமன்றம் கலைந்து மீண்டும் தேர்தல் வந்தால், புதிய மன்றம் ஐந்தாண்டு வாழாது. எஞ்சிய காலத்துக்கே வாழும். மக்களவை இடையிற் கலைந்தாலும் புதிய மக்களவைக்கு எஞ்சிய காலமே. மாநில மக்கள் தந்த கட்டளையின் அகலத்தைத் தில்லியின் நாட்காட்டி அளந்து வெட்டும் என்பதே இதன் உட்பொருள்.

செலவு குறையுமே என்பது அடுத்த வாதுரை. செலவு சிறிதன்று, அதனைப் புறந்தள்ளலாகாது. நாடாளுமன்றத் தேர்தல் செலவை நடுவணரசும், சட்டமன்றத் தேர்தல் செலவை மாநில அரசும் ஏற்பது வழக்கம்; சேர்ந்து நடந்தால் இரண்டும் பாதிப்பாதி ஏற்கும். ஆனால் சாவடியைப் பகிரலாம், ஊழியரைப் பகிரலாம், மையைப் பகிரலாம். மக்கள் கட்டளையைப் பகிர முடியுமா? ஒரு வீட்டில் இரு குடும்பங்கள் வாழ்ந்தால் வாடகை குறையும். அதற்காக இரு குடும்பங்களின் வரவு செலவையும் ஒரே ஏட்டில் எழுதுவார் உண்டோ?

ஆகவே, நாள்கள் தாமாக ஒன்றுபட்டு வருமாயின் வரட்டும். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. சட்டத்தால் அவற்றைக் கட்டி, ஒன்றன் வாழ்நாளை மற்றொன்றன் வாழ்நாளுக்கு அடிமையாக்குதல் கூடாது. ஒரே நாளில் நடந்தாலும் பரப்புரை வேறாகட்டும், கணக்கு வேறாகட்டும், முடிவின் பொருளும் வேறாகவே கொள்ளப்பெறட்டும்.

மாநிலம் என்பது நடுவணரசின் கிளை அலுவலகம் அன்று. தனக்கென மன்றமும் மொழியும் மக்களும் உடையது. அம்மக்கள் தம் மன்றத்துக்கு இடும் வாக்கு, எந்த நாளில் இடப்பெற்றாலும், அம்மன்றத்துக்கே உரியது. அவ்வுரிமையைக் காப்பதே குடியாட்சியைக் காப்பதாகும்!