கூட்டணியும் கடலும்: நிகழாத வரலாறு நமக்குக் கற்பிப்பது



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே கூடிக் கடற்போரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். இங்கிருந்து நோக்கினால் கொழுந்தும் பனியும் தெரியுமேயன்றிக் கடல் தெரியாது. ஆயினும், மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள். போ தோட்டம் தொடங்கிய 1929ஆம் ஆண்டிலும் அக்கடல்வழி பிரித்தானியக் கடற்படையின் காவலில் இருந்தது. அக்காவல் எந்த உடன்படிக்கைகளைச் சார்ந்து நின்றது, அவை மாறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதே இன்றைய பொருள்.

1902 சனவரி 30 அன்று இங்கிலாந்தும் சப்பானும் கூட்டணி உடன்படிக்கை செய்துகொண்டன. உருசியாவின் விரிவாக்கத்தை இரு நாடுகளுமே அஞ்சின. 1905 ஏப்ரலில் உருசியாவின் பால்டிக் கடற்படை மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூரைக் கடந்து சென்றது. மே மாத இறுதியில் சுசிமாவில் அழிந்தது. அங்கே சப்பானியத் தலைமைக் கப்பலாக நின்ற மிகாசா, இங்கிலாந்தில் கட்டப்பெற்றது.

அப்போரில் தப்பிய உருசியக் கப்பல்களுள் ஒன்று செம்சுக். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில், பினாங்குத் துறைமுகத்தில் அதனை மூழ்கடித்தது செருமானியரின் எம்டன். ஒரு மாதத்திற்கு முன், செப்டம்பர் 22 இரவில், சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே கப்பல்! வல்லாளனை, சூழ்ச்சிக்காரனை ‘எம்டன்’ என்று இன்றும் நாம் சொல்வது அதன் நினைவே. நவம்பர் 9 அன்று கொக்கோசுத் தீவருகே ஆத்திரேலியாவின் சிட்னி அதனை வீழ்த்தியது. சிட்னி காத்துவந்த படைக்கப்பல் அணிக்கு அன்று உடன் காவலாக வந்தது சப்பானியக் கப்பலான இபுக்கி. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தபோதும், அதனை ஒடுக்கச் சப்பானியக் கப்பல்களிலிருந்து வீரர்கள் இறங்கினர்.

இந்தக் கூட்டணி ஏன் முடிந்தது? 1921இல் இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில், அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்றது ஆத்திரேலியா. அமெரிக்காவின் பகை வரும் என்று தடுத்தது கனடா. அவ்வாண்டு திசம்பரில் வாசிங்டனில் நான்கு வல்லரசுகள் செய்த உடன்படிக்கை அதற்கு மாற்றாயிற்று. 1923இல் கூட்டணி முறைப்படி முடிவுற்றது. 1921லேயே சிங்கப்பூரில் கடற்படைத் தளம் அமைக்கவும் இங்கிலாந்து முடிவு செய்தது. நேற்றைய நண்பன் நாளைய பகைவனாகலாம் என்னும் கணக்கு அது.

இங்கேதான் மாணவர்கள் கேட்கத்தக்க வினா எழுகிறது. கூட்டணி நீடித்திருந்தால் மலாயாவுக்குப் போர் வந்திராதா? வந்திராது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் சான்றுகளைப் பாருங்கள். 1915இல் சப்பான் சீனாவிடம் இருபத்தொரு கோரிக்கைகளை வைத்தது. அப்போது கூட்டணி நடப்பில்தான் இருந்தது. ஆகவே கூட்டணி சப்பானுக்குக் கடிவாளமாக இருந்தது என்று கூற இயலாது. 1931இல் மஞ்சூரியாவில் படைநடத்தத் தொடங்கியவர்கள் தரைப்படையினர். கடற்படையாரின் ஆங்கில நட்பு அவர்களைத் தடுத்திருக்கும் என்பதும் ஐயமே. போர் தள்ளிப் போயிருக்கலாம்; தவிர்ந்திருக்கும் என்று உறுதி கூற முடியாது.

இன்னொரு வினா நமக்கு மிக அண்மையது. 1941 திசம்பர் 10 அன்று, நம் பகாங் மாநிலத்தின் குவாந்தானுக்கு அப்பாலுள்ள கடலில், பிரின்சு ஆஃப் வேல்சு, ரிப்பல்சு என்னும் இரு பெருங்கப்பல்களைச் சப்பானிய வானூர்திகள் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். குவாந்தானில் பகைப்படை இறங்கிவிட்டது என்ற தவறான செய்தியை நம்பியே அவை அங்கே திரும்பின. அச்செய்தி வராதிருந்தால்? கப்பல்கள் தப்பியிருக்கலாம். ஆனால் திசம்பர் 8 அன்றே கோத்தா பாருவில் பகைவர் இறங்கிவிட்டனர். தரைவழியாக வந்த படையைக் கப்பல்கள் எவ்வாறு நிறுத்தும்?

இவ்விரு வினாக்களிலிருந்து ஒரு முறையைக் கற்கிறோம். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதுவும் அக்காலத்தவர் உண்மையில் எண்ணிப் பார்த்த ஒன்றாக இருக்கட்டும். பிறகு, மாறாதவை எவை என்று கணக்கெடுங்கள். அக்கணக்கு இல்லாத மாற்று வரலாறு வெறும் கனவே.

இம்முயற்சியால் பயன் என்ன? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் உயிர் நீத்தோருள் பெரும்பாலோர்க்குக் கல்லறையும் இல்லை. அவர்களை இழந்த குடும்பங்கள் பல, ‘எல்லாம் விதி’ என்று ஆறுதல் கொண்டன. அந்த ஆறுதலை நாம் குறைகூறோம். ஆயினும் வகுப்பறையில் அச்சொல் போதாது. இலண்டனிலும் தோக்கியோவிலும் வாசிங்டனிலும் மனிதர் உட்கார்ந்து எடுத்த முடிவுகள் அவை. வேறு விதமாகவும் எடுக்கப்பட்டிருக்கக் கூடியவை. அம்மேசைகளில் தோட்டத் தொழிலாளிக்கு இடமும் இல்லை, குரலும் இல்லை.

ஆசிரியர்களே, 1921ஐக் கற்பிக்கும்போது அந்த வெற்றிடத்தையும் சுட்டிக் காட்டுங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோரிடம் ‘சயாமுக்குப் போனவர் நம் குடும்பத்தில் உண்டா?’ என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நிகழாத வரலாற்றை ஆராய்வதற்கு முன், நிகழ்ந்ததை இழந்துவிடாமல் காப்பது நம் கடன்.