நோயாளியின் இரவு



நெடுநாள் நோயாளி இரவிலே தீக்கனாக் கண்டு அலறினால், நாம் உடனே நூல் கட்ட ஓடுகிறோம். 2004 டிசம்பர் 26இல் கோமாரிக்குள் கடல் புகுந்ததைக் கண்ட நமக்குக் கனவில் அலை வருவது புதுமையன்று. ஆயினும், விழுங்கும் குளிசையும் காரணமாகலாம். நெஞ்சுப் படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்பிரனலோல் சிலருக்குக் கொடுங்கனவு தரும். பிரெட்னிசொலோனை மாலையில் எடுத்தால் உறக்கம் கெடக்கூடும். காலையில் எடுப்பதே பெரும்பாலும் வழக்கம். நாமாகவே மருந்தை நிறுத்துவதோ பேராபத்து. கிளினிக்கிலே சலத்தையும் சளியையும் பற்றிச் சொல்லும் நாம், கனவைச் சொல்ல ஏனோ வெட்கப்படுகிறோம்! அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். பகலிலே அதே கனவுக்கு வேறு முடிவு கற்பித்து, அலை வருமுன் மேட்டில் ஏறிவிட்டதாகத் தினமும் சில நிமிடம் மனத்திலே பார்க்கும் பயிற்சியும் உண்டு. பலருக்கு அது பலித்திருக்கிறது. நள்ளிரவில் விழித்தவரை ஏசாமல், விளக்கேற்றி, அவர் மறுபடி கண்ணயரும்வரை வீட்டிலுள்ள வாலிபர் ஒருவர் அருகே இருக்கட்டும்.