வீட்டருகே வணிகம்: குரல் கேட்க வேண்டிய நேரம்



குடியிருப்புத் தெரு ஒன்றில் காலியாகக் கிடந்த மனையில் திருமண மண்டபம் எழப் போகிறது என்ற செய்தி பரவுகிறது. தெருவினர் கூடிப் பேசுகின்றனர். கையெழுத்துத் திரட்டி நகராட்சிக்கு மனு அனுப்புகின்றனர். முதலீடு செய்ய முன்வந்தவரோ, சொந்த நிலத்தில் தொழில் நடத்துவதைத் தடுக்க இவர்கள் யார் என வினவுகிறார். இக்காட்சி நாட்டின் எந்தப் பகுதிக்கும் புதியதன்று. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அந்த நியாயங்களை எடை போடுவதற்கு உரிய காலம் எது என்பதே இவ்வுரையின் பொருள்.

கணக்கில் ஏறாத செலவு

ஒரு மண்டபத்தின் வரவு செலவுக் கணக்கில் வட்டி, கூலி, மின்கட்டணம் ஆகிய அனைத்தும் இடம்பெறும். நள்ளிரவில் ஒலிபெருக்கியால் உறக்கம் இழக்கும் முதியவரின் துன்பமோ, தேர்வுக்குப் படிக்க இயலாத மாணவியின் இழப்போ, வாசலை மறித்து நிற்கும் வாகனங்களோ, மறுநாள் காலையில் தெருவில் குவிந்து கிடக்கும் எச்சில் இலைகளோ அதில் ஏறுவதில்லை. இலாபம் ஒருவரைச் சேர, செலவின் ஒரு பகுதியை அயலார் சுமக்கின்றனர். பொருளாதார அறிஞர்கள் இதனைப் புறச்செலவு என்பர்.

இச்செலவுக்கு வரம்பு கட்டவே நில உபயோக விதிகள் ஏற்பட்டன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கோ பகலில் 55, இரவில் 45 என்பதே எல்லை. இரவு என்பது பத்து மணிக்குத் தொடங்குகிறது. அமைதியான வாழ்க்கை சட்டம் ஏற்றுக்கொண்ட ஒரு நலன் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

உடுப்பி தந்த பாடம்

இத்துறையில் 1974ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இன்றும் வழிகாட்டியாக விளங்குகிறது. கர்நாடக மாநிலம் உடுப்பியில், குடியிருப்புப் பகுதி ஒன்றில் கல்யாண மண்டபமும் விரிவுரைக் கூடமும் கட்டுவதற்கு நகராட்சி அனுமதி அளித்திருந்தது. பின்னர் அக்கட்டடத்தைத் திரையரங்காக மாற்றுவதற்கான வரைபடத்துக்கும் இசைவு தரப்பட்டது. அவ்விடத்தில் திரையரங்கு அமைவதை நகரமைப்புத் திட்டம் அனுமதிக்கவில்லை. அப்பகுதிவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார்.

திட்டம் மீறப்பட்டது என்பதை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆயினும், உரிமையாளர் பணம் செலவிட்டிருப்பார் என்பதைக் கருதி, அனுமதியில் தலையிட மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் இக்கருத்தை ஏற்கவில்லை. நகரமைப்புத் திட்டம் அப்பகுதி மக்களின் நன்மைக்காகவே வகுக்கப்பட்டது. அதை நிறைவேற்றும் கடமை நகராட்சிக்கு உண்டு. தன்னிடம் இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தி வழங்கிய அனுமதி, பணம் செலவாகிவிட்டது என்பதால் செல்லுபடியாகிவிடாது என்று அது தீர்ப்பளித்தது.

தெருவாசி வென்றார். ஆனால் அதற்கு உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. மாற்று வரைபடம் நகராட்சியின் மேசைக்கு வந்த நாளிலேயே அயலார் அழைக்கப்பட்டிருந்தால், அவருடைய அலைச்சலையும் உரிமையாளரின் முதலீட்டையும் பெருமளவு காத்திருக்கலாம்.

எதிர்ப்பிலும் எல்லை வேண்டும்

தெருவாசிகள் சொல்வதெல்லாம் சரி என்பதும் இல்லை. மளிகைக் கடை வேண்டும், ஆனால் அடுத்த தெருவில் இருக்கட்டும் என்று ஒவ்வொரு தெருவும் கூறினால் கடைக்கு இடம் ஏது? வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் வைத்துப் பிழைக்கும் பெண்ணுக்குக் கடைத்தெருவில் வாடகை கொடுக்க வழியிராது. முதியோருக்கு மருந்துக் கடை அருகில் இருப்பதே நலம்.

இந்த உண்மையைத் தில்லி பெரும் விலை கொடுத்துக் கற்றது. அந்நகரின் முதல் முழுமைத் திட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு பகுதி, வணிகத்துக்கு ஒரு பகுதி என அது வரையறுத்தது. மக்கள்தொகை பெருகியது, அங்காடிகளுக்கான இடம் அதற்கேற்ப வளரவில்லை. வீடுகளின் கீழ்த்தளங்கள் கடைகளாயின. அதிகாரிகள் நெடுங்காலம் பாராமுகமாக இருந்தனர். 2006 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், குடியிருப்புகளில் விதி மீறி நடக்கும் வணிக நிலையங்களுக்கு முத்திரையிட ஆணையிட்டது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் பல இதனை வரவேற்றன. வணிகர்கள் கடைகளை அடைத்துத் தெருவில் இறங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் சீலம்பூரில் நிகழ்ந்த கலவரத்தில் உயிர்களும் பலியாயின.

2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட புதிய முழுமைத் திட்டம் ஓர் இடைவழியைக் கண்டது. சாலையின் அகலத்துக்கு ஏற்பக் கலப்பு உபயோகத்தை அது ஒழுங்குபடுத்தியது. கீழ்த்தளத்தில் 20 சதுர மீட்டருக்கு மேற்படாத காய்கறி, மளிகை, தையல் போன்ற சிறு கடைகளுக்கு இடம் அளித்தது. குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கலந்தாலோசிப்பதற்கும் அதில் வழி செய்யப்பட்டது. அன்றாடத் தேவைக்கான சிறு கடையும், நூற்றுக்கணக்கானோர் கூடும் மண்டபமும் ஒன்றல்ல என்பதே இதன் சாரம். ஆயினும் இப்பாகுபாடு பல்லாண்டுகளுக்கு முன்பே தெளிவாக்கப்பட்டிருந்தால், முத்திரையிடப்பட்ட கதவுகளின் முன் அத்தனை குடும்பங்கள் நின்றிருக்க வேண்டியதில்லை.

செங்கல் எழுமுன்

முழுமைத் திட்டம் வகுக்கும்போது வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபணைகளைக் கேட்பதற்குத் தில்லி வளர்ச்சிச் சட்டம் 1957இலேயே வகை செய்தது. ஆனால் நாளிதழின் உள்பக்கத்தில் வெளியாகும் ஓர் அறிவிப்பு எத்தனை பேர் கண்ணில் படும்? தெருவாசிகள் பெரும்பாலும் அத்திவாரம் தோண்டும்போதுதான் விழித்துக்கொள்கின்றனர். அதற்குள் முதலீட்டாளர் கடன் வாங்கிவிடுகிறார். அதன்பின் சமரசம் அரிதாகிவிடுகிறது.

1993 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகரமைப்பையும் நில உபயோக ஒழுங்கையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளில் சேர்த்துள்ளது. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் வார்டு குழுக்கள் அமையவும் அது வகை செய்கிறது. பெரிய வணிகக் கட்டடம் எதுவாயினும், விண்ணப்பம் வந்தவுடன் அம்மனையிலேயே உள்ளூர் மொழியில் அறிவிப்புப் பலகை வைத்து, வார்டு குழுவின் முன் இரு தரப்பையும் கேட்பது இயலாத செயலன்று. வாகனம் நிறுத்த இடம், ஒலி அடங்கும் நேரம், குப்பை அகற்றும் பொறுப்பு ஆகியவற்றை நிபந்தனைகளாக எழுதிக் கொண்டால் பல பூசல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராதவற்றில் மறுப்பதாயினும், பணம் முடங்குமுன் மறுப்பதே முறை.

வணிகம் வளர வேண்டும். வீடும் வீடாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் பகையாவது பெரும்பாலும் காலந்தாழ்ந்து கேட்பதால்தான். முதல் செங்கல் எழுமுன் தெருவின் குரலைக் கேட்கும் நகராட்சி, வீட்டாருக்கும் வணிகருக்கும் ஒருங்கே நன்மை செய்ததாகும்.