இயங்குதளம் மாறியபின் இயங்காத கருவிகள்



நெய்யாற்றின்கரை வட்டத்திலே, கடற்காற்று எட்டும் தொலைவில், காஞ்சிரங்குளம் என்னும் ஊர் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆதலின் இப்பகுதியில் இன்றும் ஒரே திண்ணையில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கக் கேட்கலாம்.

என் பெரியம்மாவின் மகள் அவ்வூரில் ஒரு சிறு கடை நடத்துகிறார். விண்ணப்பங்களை இரு மொழியிலும் தட்டச்சு செய்து கொடுப்பது, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அனுப்புவது, அச்சிட்டுத் தருவது ஆகியவையே தொழில். ஒரு கணிப்பொறி, ஓர் அச்சுப்பொறி, ஒரு ஸ்கேனர்: இம்மூன்றும் சேர்ந்துதான் அந்த வீட்டில் உலை ஏற்றுகின்றன. 2025ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் நான் அங்கே போயிருந்தபோது கடை பாதி மூடிக் கிடந்தது.

"தம்பி, புதுசு போட்டதிலிருந்து எல்லாம் செத்துப்போச்சு. ஆக்கர் கடைக்காரர் எல்லாத்துக்கும் சேர்த்து எண்ணூறு ரூபாய் தாறேன் என்கிறார். கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

அவர் 'புதுசு' என்றது இயங்குதளத்தை. கணிப்பொறியை இயக்குவித்து, அதன் உறுப்புகளுக்கெல்லாம் வேலை பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டுவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வழக்கம்போல் வாரா என்று தெரிந்ததும் பல கடைகளிலும் வீடுகளிலும் அவசர அவசரமாக மாற்றம் நடந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி ஓய்வு பெற்றபோதும் இதே பரபரப்பைக் கண்டோம். ஆயுள் முடிந்தது மென்பொருளுக்கு. ஆனால் பழி விழுவது அச்சுப்பொறியின் மேலும் ஸ்கேனரின் மேலும். நேற்று மாலைவரை நன்றாக உழைத்த கருவி, இடையில் யாரும் தொடாமல் இருக்க, இன்று காலை ஏன் சாக வேண்டும்? இக்கேள்வியை எழுப்புகிறவர் நம்மில் குறைவு.

நான் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். ஆகையால் இந்த நோயை என் தொழிலைக் கொண்டே எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். அச்சுப்பொறிக்கு அதன் தாய்மொழி ஒன்றுதான் தெரியும். இயங்குதளம் பேசுவதோ வேறு மொழி. இரண்டுக்கும் இடையே அமர்ந்து கட்டளையைப் பெயர்த்துச் சொல்லும் சிறு மென்பொருளையே டிரைவர் என்கிறார்கள். தமிழில் இயக்கி எனலாம். ஒலிக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இயக்கி உண்டு. அலுவலகத்துக்குப் புதிய மேலாளர் வருகிறார். பழைய மொழிபெயர்ப்பாளர் அவரோடு பணியாற்ற இயலாதவர் என்று வையுங்கள். மேலாளர் கூப்பிடுகிறார்; எழுத்தருக்கு விளங்கவில்லை; விழித்துக்கொண்டு நிற்கிறார். அவரைச் செவிடர் என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

எனவே முதலில் தெளிய வேண்டியது ஒன்றே: கெட்டது கருவியா, அல்லது இடையில் இருக்கவேண்டிய இயக்கியா? இதனை அறியப் பொருட்செலவு வேண்டியதில்லை.

அக்காவின் மகள் உயர்நிலைப்பள்ளி மாணவி. 2018இல் கேரளப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் குழுவில் அவளும் ஓர் உறுப்பினள். கேரளத்துப் பொதுப்பள்ளிக் கணிப்பொறிகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் என்னும் திறந்த இயங்குதளத்தில் ஓடுகின்றன. கைட் என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே அதைத் தொகுத்துக் கொடுக்கிறது. ஆகையால் நம் பிள்ளைகளுக்கு அது புதிதன்று. "மாமா, என்னிடம் லினக்ஸ் போட்ட பென் டிரைவ் இருக்கிறது. அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாமா?" என்றாள். நான் மணிக்கணக்காகச் சொல்லவிருந்ததை அச்சிறுமி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

அதன் பொருள் இதுதான். லினக்ஸ் வகைகள் பலவற்றைக் கணிப்பொறியில் பதியாமலே, பென் டிரைவிலிருந்து நேரே ஓட்டிப் பார்க்கலாம். அவ்வாறு ஓட்டும்போது ஒலி கேட்கிறதா, இணையம் கிடைக்கிறதா, ஸ்கேனர் விளக்கு எரிந்து நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இயங்கினால் கருவி நலமாக இருக்கிறது, குறை இயக்கியில்தான். அங்கே இயங்காவிட்டால் மட்டும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. லினக்ஸிலும் அக்கருவிக்கு இயக்கி இல்லாதிருக்கலாம். அப்போது வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பார்ப்பது முறை. ஓர் எச்சரிக்கை: தொடக்கத் திரையில் 'பதியாமல் பார்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைதவறி முழு வட்டிலும் பதியச் சொன்னால் உள்ளதெல்லாம் அழிந்துபோகும்.

அன்று பென் டிரைவிலிருந்து ஓட்டிய ஐந்து நிமிடத்தில் இணையம் கிடைத்தது. அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. ஸ்கேனரும் உறுமிக்கொண்டு நகர்ந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

இனி, ஒவ்வொன்றாக எப்படி மீட்டோம் என்று சொல்கிறேன்.

இணையத்தை முதலில் மீட்க வேண்டும். ஏனெனில் மற்ற இயக்கிகள் எல்லாம் இணையத்தின் வழியாகவே வருவன. ஆனால் இணையத்துக்கான இயக்கியையும் இணையத்திலிருந்துதானே எடுக்க வேண்டும்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை இது. கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியோடு இணைத்து, கைப்பேசி அமைப்புகளில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால், கைப்பேசியின் இணையம் கணிப்பொறிக்குக் கிடைத்துவிடும். பின்னர் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, அதன் விருப்பத் திருத்தங்கள் பகுதியையும் பார்த்தால், பாதி இயக்கிகள் தாமே வந்து சேரும். வராதவற்றைக் கணிப்பொறி செய்த நிறுவனத்தின் தளத்தில், மாதிரி எண்ணைக் கொடுத்து எடுப்பதே நேர்வழி. எல்லா இயக்கியும் ஒரே சொடுக்கில் தருவேன் என்று விளம்பரம் செய்யும் மூன்றாம் ஆள் மென்பொருள்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. அவற்றோடு வேண்டாத விருந்தாளிகள் பலர் உடன் வருவர்.

டிவைஸ் மேனேஜர் என்னும் பட்டியலைத் திறந்தால், முறையாக இயங்காத உறுப்பின் அருகே மஞ்சள் முக்கோணம் ஒன்று நிற்கும். அதனை இருமுறை சொடுக்கினால் ஓர் எண் தெரியும். 28 என்றால் இயக்கியே பதியப்படவில்லை என்று பொருள். 10 என்றால் கருவியைத் தொடங்க இயலவில்லை. 43 என்றால் கருவியே தன்னிடம் கோளாறு உண்டென்று அறிவித்துவிட்டது. 28ஐக் கண்டால் நான் மகிழ்வேன். மிக எளிதில் தீர்வது அதுவே. பெயர் தெரியாத உறுப்பாயின், அதன் விவரங்களில் வன்பொருள் அடையாள எண்ணைக் காணலாம். செய்த நிறுவனத்துக்கு ஒன்றும் பொருளுக்கு ஒன்றுமாக இரண்டு எண்கள் அதில் உள்ளன. இன்டெல் நிறுவனத்தின் அடையாளம் 8086. 1978இல் வெளிவந்த அதன் புகழ்பெற்ற சில்லின் பெயரும் அதுவே.

அச்சுப்பொறிக்கு இயக்கி கிடைத்தும் அது அச்சிடவில்லை. காரணம் பார்த்தால் சிரிப்பு வரும். முன்னே செய்த அரைகுறை முயற்சியால் ஒரே அச்சுப்பொறி பட்டியலில் இருமுறை பதிந்திருந்தது. கட்டளைகள் எல்லாம் யாரும் இல்லாத வாயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. இரண்டையும் நீக்கி, கம்பியைப் பிடுங்கி, மீண்டும் ஒருமுறை சேர்த்ததும் மூன்று நாளாக வரிசையில் காத்திருந்த விண்ணப்பங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன.

விசைப்பலகையைப் பற்றியும் ஒரு முறையீடு இருந்தது. தமிழ் தட்டினால் எழுத்து மாறி விழுகிறதாம். அது பலகையின் குற்றமன்று. புதிய பதிவில் அவர் பழகிய விசையமைப்பைச் சேர்க்கவில்லை, அவ்வளவே. தமிழ் 99ஐயும் மலையாள இன்ஸ்கிரிப்டையும் மொழி அமைப்பில் சேர்த்ததும் அது தீர்ந்தது.

ஸ்கேனரிடம்தான் தோற்றோம். அக்காவின் கணிப்பொறியில் முன்பு இருந்தது 32 பிட் விண்டோஸ். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் ஒன்றுதான். பழைய 32 பிட் செயலிகளை அது ஏற்கும். 32 பிட் இயக்கிகளை ஏற்காது. அந்த ஸ்கேனருக்கு 64 பிட் இயக்கி எழுதப்படவே இல்லை. கருவியில் ஒரு பல்சக்கரமும் தேயவில்லை. கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. அதன் மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர் மட்டும் புதிய அலுவலகத்தில் இல்லை. லினக்ஸிலோ யாரோ ஒரு தன்னார்வலர் அதற்கென்று எழுதி வைத்திருக்கிறார். வீட்டு அலமாரியில் திரை மங்கிய மடிக்கணினி ஒன்று கிடந்தது. சிறுமி அதில் லினக்ஸைப் பதிந்து, ஸ்கேனரை அதனோடு இணைத்துவிட்டாள். ஸ்கேன் செய்ததைப் பென் டிரைவில் எடுத்து இங்கே கொண்டுவர வேண்டும், சற்றே தொல்லைதான். புதிய ஸ்கேனர் வாங்கும்வரை காலம் தள்ளலாம்.

நிற்க. எல்லாப் பழியையும் இயக்கியின் மேல் சுமத்துவதும் பிழையே. அதற்கு நானே சான்று. அதற்கு முந்திய ஆண்டு என் வீட்டுக் கணிப்பொறியில் இயங்குதளத்தை உயர்த்தியபின் அது அடிக்கடி உறைந்து நின்றது. இயக்கிதான் காரணம் என்று முடிவுகட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதிலே கழித்தேன். உண்மையில் தேய்ந்துகொண்டிருந்தது வன்தட்டு. இயங்குதள மாற்றத்தின்போது வட்டில் ஏராளமாக எழுதவும் படிக்கவும் நேரும்; தள்ளாடிக்கொண்டிருந்த வட்டு அந்தச் சுமையில் விழுந்துவிடும். ஸ்மார்ட் என்னும் வட்டு நலக் குறிப்பை முதல் நாளே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. காலஞ்சென்ற என் தந்தையார் பேசிய பதிவு ஒன்று அதில் இருந்தது. வேறு எங்கும் படி எடுத்து வைக்கவில்லை. அது போயிற்று. அன்று முதல், எந்தக் கணிப்பொறியில் கைவைக்கும் முன்னும் உள்ளதை வேறொரு வட்டில் படி எடுத்துவிட்டதா என்றே முதலில் கேட்கிறேன்.

காஞ்சிரங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளில் பச்சை படியச் செய்யும். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, நினைவகத் தகட்டைக் கழற்றி, துடைத்து, அழுத்திப் பொருத்தினாலே உயிர் பெறும் பொறிகள் உண்டு. தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு மின்கலம் இருக்கும், சி.ஆர். 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையில் கிடைக்கும். அது தீர்ந்தால் கணிப்பொறியின் நாட்காட்டி பல ஆண்டு பின்னே போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். நாமோ இணையம் கெட்டது என்று எண்ணி இயக்கியைத் தேடுவோம். தேதியைப் பார்க்க ஒரு நொடி போதும்.

மேலும் இரண்டு செய்திகள். விண்டோஸ் 11இல் அணைத்துத் திறப்பதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. விரைவுத் தொடக்கம் என்னும் வசதி இயங்கும் பொறிகளில், அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்பகுதி உறங்க மட்டுமே செய்யும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் இயக்கிகள் புதிதாகத் தொடங்கும். மற்றொன்று: பழையதன் மேலேயே புதியதை ஏற்றியவர்களுக்கு வழக்கமாகப் பத்து நாள் தவணை உண்டு, அதற்குள் மனம் மாறினால் அமைப்புகளிலிருந்தே திரும்பிப் போகலாம். வட்டைத் துடைத்துப் பதிந்தவர்களுக்கு, அக்காவைப் போல, அந்த வாயில் இல்லை. வட்டைத் துடைக்கும் முன் பழுது பார்ப்பவரிடம் இதைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மறுவாரம் ஆக்கர் கடைக்காரர் தள்ளுவண்டியோடு வந்து நின்றாராம். உதவித்தொகை விண்ணப்பத்துக்காகப் பிள்ளைகள் வாசலில் நின்றதால் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அக்கா அச்சடித்து முடித்தபின் உள்ளே தேடிப் பார்த்தார். கொடுக்கத்தக்கது, உப்பி வெடிக்கக் காத்திருந்த பழைய யூ.பி.எஸ். மின்கலம் ஒன்றே.